சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை, மறுபடி விண்ணப்பிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சட்டப் படிப்புக்கான கலந்தாய்வு முடிந்ததிலிருந்து ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி, சாயல்குடி என்று கடற்கரை ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதுகிறவர்கள் வேறு வேறு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அடுத்த வருஷம் மறுபடி போடலாமா?"

போடலாம். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, நேர்முகம் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை. அந்த மதிப்பெண் ஒரு வருஷம் காத்திருப்பதால் கூடப் போவதில்லை. ஆகவே இரண்டாவது முறை எது மாறப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சான்றிதழ் மாறலாம், கல்லூரி விருப்பம் மாறலாம், எழுதும் தேர்வு மாறலாம், படிப்பே மாறலாம். எதுவும் மாறாது என்றால் காத்திருப்பதில் பயனில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மாணவி: பிளஸ் டூவில் 80 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தது. என் முறை வரும்போது ராமநாதபுரமும் மதுரையும் நிரம்பிவிட்டன. தர்மபுரி கிடைத்தது. அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் வீட்டிலிருந்து மறுபடி விண்ணப்பிக்கட்டுமா?

வீட்டில் சும்மா இருக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு வருஷம் காத்திருந்து ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தால் மொத்தம் 6 வருஷம். இப்போதே ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து 3 வருஷத்தில் முடித்து, அப்புறம் மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தால் அதுவும் 6 வருஷம்தான். முதல் வழியில் அடுத்த வருஷம் சீட் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டாவது வழியில் பாதித் தூரம் போனதும் ஒரு பட்டம் கையில் இருக்கும். வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது மூன்றாண்டா ஐந்தாண்டா என்று யாரும் வேறுபாடு பார்ப்பதில்லை. இருவரும் எழுத வேண்டியது ஒரே அகில இந்திய பார் தேர்வு.

மூன்றாண்டுப் படிப்புக்குத் தரவரிசை பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்து வரும். பிளஸ் டூ மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. பட்டப்படிப்பு மதிப்பெண் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே மதிப்பெண்ணில் கண் வையுங்கள். விண்ணப்பிக்கத் தகுதி 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. ஆனால் தகுதி மதிப்பெண் மட்டும் இருந்தால் சீட் வந்துவிடாது. ராமேஸ்வரத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தங்கச்சிமடத்திலிருந்து போய் வரலாம்.

பி.ஏ. முதலாண்டு படித்துக்கொண்டே ஐந்தாண்டுப் படிப்புக்கு இன்னொரு முறை விண்ணப்பிப்பதும் தவறில்லை. ஆனால் அந்த ஒரு வருஷப் படிப்பைக் காட்டி நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியாது. சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் இடையில் நுழைவதைத் தடை செய்கின்றன. முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தூரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரி 2017-ல் தொடங்கியது. விழுப்புரமும் தர்மபுரியும் அதே ஆண்டு வந்தவை. 2019-ல் சேலம், நாமக்கல், தேனி. 2022-ல் காரைக்குடி. இத்தனை கல்லூரிகள் வந்தும் "ராமநாதபுரம் இல்லாவிட்டால் வேண்டாம்" என்று பெண் பிள்ளைகளின் வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அடுத்த கலந்தாய்வுக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் காரைக்குடி, தேனி, திருநெல்வேலி கல்லூரிகளுக்கு ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். விடுதி எங்கே, பஸ் எத்தனை மணிக்கு என்று நேரில் பார்த்தால் பல வீடுகளில் பயம் பாதியாகக் குறையும். அந்தப் பேச்சைக் கலந்தாய்வு நாளில் தொடங்கினால் நடக்காது.

கீழக்கரையிலிருந்து ஒரு மாணவர்: சாதிச் சான்றிதழ் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. பொதுப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். கட்-ஆஃப் எட்டவில்லை.

மறுபடி விண்ணப்பிக்க மிகச் சரியான காரணம் உங்களுடையதுதான். தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18 (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. ஒவ்வொரு பிரிவுக்கும் கட்-ஆஃப் தனி. இந்த வருஷம் வெளியான உங்கள் பிரிவின் கட்-ஆஃபோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு மேலே இருந்தால் நம்பிக்கையோடு காத்திருக்கலாம். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். பெயர், இனிஷியல், அப்பா பெயரின் எழுத்து ஆகியவை மதிப்பெண் பட்டியல், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

பாம்பனிலிருந்து ஒரு மாணவர்: தமிழ் வழியில் படித்தேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதினேன், மதிப்பெண் ரொம்பக் குறைவு. ஒரு வருஷம் விட்டுவிட்டுப் படித்தால் முடியுமா? கோச்சிங் சேரப் பணம் இல்லை.

முடியும், தம்பி. ஆனால் எங்கே மதிப்பெண் போனது என்று தெரியாமல் மறுபடி உட்காராதீர்கள்.

கிளாட் இளநிலைத் தேர்வு 2 மணி நேரம், 120 கேள்விகள். சரியான விடைக்கு 1, தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழிவு. 100 கேள்விக்கு விடையளித்து 50 சரி, 50 தவறு என்றால் கையில் நிற்பது 37.5. அதே ஆள் 70 கேள்வி மட்டும் எழுதி அதே 50 சரியாக இருந்தால் 45. உங்கள் விடைத்தாளை எடுத்து, தெரிந்திருந்தும் தவறியவை எத்தனை, ஊகத்தில் போட்டவை எத்தனை, நேரமில்லாமல் விட்டவை எத்தனை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும். அதைப் பார்த்தாலே எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தமிழ் வழி மாணவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் சட்டத்தில் வருவதில்லை, வாசிப்பு வேகத்தில் வருகிறது. தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு பகுதியிலும் சில நூறு சொற்கள் கொண்ட பத்தியைப் படித்துவிட்டுத்தான் விடை சொல்ல வேண்டும். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்று, கையில் கடிகாரத்தோடு படியுங்கள். படித்து முடித்ததும் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுத வந்தால் புரிந்திருக்கிறது, வராவிட்டால் புரியவில்லை. மூன்று மாதம் இது மந்தமாகத்தான் போகும். அந்த மூன்று மாதத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சட்டத் தர்க்கப் பகுதிக்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதி பத்தியிலேயே இருக்கும், அதைச் சூழலுக்குப் பொருத்தினால் போதும். கணக்குப் பகுதி பத்தாம் வகுப்புத் தரம்தான், 10 முதல் 14 கேள்விகள். தமிழ் வழிப் பிள்ளைகள் இதைத் தொடாமல் விடுவது எனக்குப் புரிவதே இல்லை. சதவீதம், விகிதம், சராசரி மூன்றும் நன்றாக வந்தால் அங்கே மதிப்பெண் நிச்சயம்.

தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு கோச்சிங் இல்லாமலே நல்ல தூரம் போகலாம். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை, வயது வரம்பும் இல்லை. தேர்வு சமீப ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரத்தில் நடக்கிறது. அதனால் வருஷம் முழுவதையும் விட வேண்டாம். ஏதாவது பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதுங்கள்.

பணத்தையும் முன்பே பேசிவிடுங்கள். விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு 3,500. திருச்சி அருகே நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வரும். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். முடிவு வந்த பிறகு வங்கிக்கு ஓடாமல், தேர்வுக்கு முன்பே மேலாளரைப் பார்த்து என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தாய்: பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்றில் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வகுப்புக்குப் போக வேண்டாமாம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதுமாம். மகன் மனம் உடைந்து போயிருக்கிறான், சேர்த்துவிடலாமா?

வேண்டாம், அம்மா. தயவுசெய்து வேண்டாம்.

எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை இருக்க வேண்டும் என்பது விதி. வராத பிள்ளைக்கு வந்ததாகப் பதிவு போடும் இடங்களைத்தான் நீதிமன்ற வட்டாரத்தில் லெட்டர்பேடு கல்லூரி என்கிறார்கள். பட்டத்தோடு வந்து பார் கவுன்சிலில் பதிவுக்கு நிற்கும்போது சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். அங்கே சிக்கினால் பணம், வருஷம், பெயர் மூன்றும் போகும். பொய்யான வருகைப் பதிவோடு வழக்கறிஞர் வாழ்க்கையைத் தொடங்க வைப்பது மகனுக்குச் செய்யும் உதவி ஆகாது. மாநிலத்துக்கு வெளியே படிப்பதே தவறு என்று சொல்லவில்லை. இந்திய பார் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரி பெயர் இருக்கிறதா, அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். நேரில் போய் ஒரு நாள் வகுப்பு நடக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் இல்லாமல் சேர முடியாத கல்லூரி என்றால் விட்டுவிடுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவர்: அப்பா வேலை செய்த விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனதிலிருந்து சட்டம் படிக்க வேண்டும் என்று இருக்கிறேன். இரண்டு வருஷமாக சீட் இல்லை. இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. ஆசையை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே சரியான வழியில்தான் இருக்கிறீர்கள். பி.காம். முடித்துவிட்டு மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பியுங்கள்.

ஒன்றை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பிடிபட்ட படகுகளின் வழக்கு நடக்கும் இலங்கையின் மன்னார், ஊர்காவற்றுறை நீதிமன்றங்களில் அந்நாட்டு வழக்கறிஞர்கள்தான் வாதாட முடியும். நம் ஊர் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. நம் வேலை இந்தப் பக்கம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-லிருந்து இயங்குகிறது. படகு இழந்தவருக்கு நிவாரணம், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிய கட்டுப்பாடுகள், கடல் அட்டை வழக்குகள் என்று இந்தக் கடற்கரையில் வழக்குக்குக் குறைவில்லை. இவற்றைக் கடலை அறிந்த வழக்கறிஞர் பேசினால் அதன் பலம் தனி.

பட்டம் முடிவதற்குள் 1974, 1976 ஆண்டுகளின் இந்திய–இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்களை மூல வாசகத்திலேயே படியுங்கள். கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி வலைக்கு இலங்கை 2017-ல் போட்ட தடையையும் படியுங்கள். அது நம் தரப்புக்குக் கசப்பானதுதான், அதனால்தான் படிக்கச் சொல்கிறேன். விடுமுறை நாட்களில் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் போய் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன, யாரும் பார்க்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத் தன்னார்வலர்களைத் தேர்வு செய்யும்போது விண்ணப்பியுங்கள். சீட்டுக்கு இது ஒரு மதிப்பெண்ணும் சேர்க்காது. சேர்ந்த பிறகு வகுப்பில் உங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகி: வயது 36, பி.எஸ்சி. முடித்துப் பல வருஷம் ஆகிறது. போன முறை விண்ணப்பம் தள்ளிப்போனது. இனிமேலும் முடியுமா? மாலை நேரக் கல்லூரி உண்டா?

மூன்றாண்டுப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் வயது வரம்பு இல்லை. தாராளமாக விண்ணப்பியுங்கள். மாலை நேரக் கல்லூரியை எதிர்பார்க்க வேண்டாம், இது பகல் நேர முழுப் படிப்பு. வேலையில் இருந்தால் அதையும் சேர்த்து முடிவெடுங்கள்.

திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு தந்தை: விண்ணப்பம் வரும் நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கையில் காசு இருக்காது. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள்.

ஐயா, மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டில் வருவாள். 2021 சட்டத்தின்படி அது சட்டப் படிப்புக்கும் பொருந்தும். அந்தப் பிரிவில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் தடைக்காலத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். போன முறை இந்த ஒதுக்கீட்டுக் கட்டத்தை விண்ணப்பத்தில் நிரப்பினாளா என்று மகளிடம் கேளுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு மாணவி: பி.ஏ. சேர்ந்திருக்கிறேன். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்தக் கல்லூரி அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தருமா? கட்டணம்?

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு செயல்முறைக் கட்டணம் போக, கட்டணம் முழுதும் திரும்ப வரும். அதற்குப் பிறகு, கடைசி நாள் வரை 90 சதவீதம். கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றும் இல்லை. விலகும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.