பெருக்கினால் ஏன் குறைகிறது?

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 0.3 × 0.4 எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் 1.2 என்று எழுதுகிறார்கள். மேலும் கீழும் புள்ளி ஒரே நேராக இருப்பதால் விடையிலும் அதே நேரில் வைத்தோம் என்கிறார்கள். இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களை எண்ணி, விடையில் அத்தனை இலக்கம் தள்ளிப் புள்ளி வைக்கும் விதியைச் சொல்லிக்கொடுத்தேன். சரியாக வந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் 1.2 வந்துவிட்டது. ஒரு சிறுமி, 'பெருக்கினால் பெரிதாகத்தானே ஆக வேண்டும்? 0.12 எப்படிச் சிறிதாயிற்று?' என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேகக் கணிதப் பயிற்சி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர், தங்கள் பயிற்சிப் புத்தகங்களை வாங்கினால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவள் கேட்டதற்குப் பதில் கிடைக்காதவரை நீங்கள் சொல்லிக்கொடுக்கும் எந்த விதியும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது.

அவளை அப்படி நினைக்க வைப்பது பெருக்கல் என்ற சொல்தான். வெள்ளம் பெருகுகிறது, கூட்டம் பெருகுகிறது; பெருகுவது என்றாலே மிகுவதுதான். இரண்டாம் வகுப்பிலிருந்து முழு எண்களையே பெருக்கி வந்திருக்கிறாள். சுழியையும் ஒன்றையும் விட்டால் அங்கெல்லாம் விடை பெரிதாகவே வந்தது. மூன்று ஆண்டுகள் பொய்க்காத ஒன்று ஒரு நாள் காலையில் திடீரென்று பொய்த்தால் எந்தக் குழந்தையும் திகைக்கும். ஆகவே × என்ற குறியை இனி 'மடங்கு' என்று படிக்கச் சொல்லுங்கள். 4 × 3 என்றால் மூன்றைப் போல நான்கு மடங்கு. அரை × 3 என்றால் மூன்றில் அரை மடங்கு. ஒரு முழு மடங்குகூட எடுக்கவில்லையே, பிறகு எப்படிப் பெரிதாகும்?

நம் மொழியிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. காலில் அரை என்பதே அந்தச் சொல்லின் பொருள். அதாவது அரையையும் காலையும் பெருக்கி, வந்த விடைக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். தசமத்தில் எழுதினால் 0.5 × 0.25 = 0.125. அரையைவிடவும் சிறியது, காலைவிடவும் சிறியது. ஒரு தாளைக் காலாக மடித்து, அதை மறுபடி பாதியாக மடித்து, விரித்து எண்ணச் சொல்லுங்கள். எட்டுப் பகுதிகள் இருக்கும். அவள் கேள்விக்கான பதில் அவள் கையிலேயே இருக்கும்.

இனி வகுப்பு முழுவதற்கும் வருகிறேன். பெருக்கலைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 0.3 பெரிதா, 0.12 பெரிதா? உங்கள் வகுப்பில் பலர் 0.12 என்பார்கள் என்று நினைக்கிறேன். மூன்றைவிடப் பன்னிரண்டு பெரிதல்லவா! இந்தத் தவறுக்கு நாமும் காரணம். 'புள்ளி பன்னிரண்டு' என்று வாய்தவறிப் படிக்கிறோம். 'புள்ளி ஒன்று இரண்டு' என்றே படியுங்கள். இன்னும் நல்லது, 'நூறில் பன்னிரண்டு' என்று படிப்பது. 0.3 என்பது நூறில் முப்பது என்று தெரியாத குழந்தைக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. அந்த இடத்திலேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள், நான்கு நாள் ஆனாலும் சரி. பகுதியை முடிக்க இரண்டே பாடவேளை என்று அட்டவணை சொல்லும். அட்டவணை போட்டவர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்ததில்லை.

அடுத்து, 1.2 என்று எழுதியவர்களைத் திட்டாமல், கரும்பலகையில் இரண்டு வரி எழுதுங்கள்.

4 × 0.3
0.4 × 0.3

முதல் வரியைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 0.3, 0.6, 0.9, 1.2. நான்கு முறை எடுத்தால் 1.2. சரி. இப்போது இரண்டாவது வரியைக் காட்டி, 'இதில் 0.3-ஐ எத்தனை முறை எடுக்கிறோம்?' என்று கேளுங்கள். ஒரு முறைகூட முழுதாக எடுக்கவில்லை, பாதிக்கும் குறைவு என்று யாராவது சொல்வார்கள். அப்படியானால் அதற்கும் 1.2 எப்படி வரும் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அழிப்பான்கள் தானாகக் கையில் ஏறும். 4-க்குப் பதில் அதில் பத்தில் ஒரு பங்கான 0.4-ஐ எடுத்தோம், ஆகவே விடையும் பத்தில் ஒரு பங்காக வேண்டும், 1.2-இல் பத்தில் ஒரு பங்கு 0.12. இவ்வளவுதான். இதில் இலக்கம் எண்ணும் வேலையே இல்லை.

படம் வரைந்து காட்டுவதானால் ஒரு எச்சரிக்கை. பத்துக்குப் பத்து கட்டம் போட்ட சதுரத்தைக் காட்டி 'இது எத்தனை?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் நூறு என்பார்கள். அந்தச் சதுரம் முழுவதும் 'ஒன்று', ஒரு நெடும்பட்டை 0.1, ஒரு சிறு கட்டம் 0.01 என்பது அவர்கள் வாயிலிருந்து வரும்வரை வண்ணப் பென்சிலைத் தொட விடாதீர்கள். வழக்கமாக மூன்று நெடும்பட்டைகளுக்கு ஒரு நிறம், நான்கு குறுக்குப் பட்டைகளுக்கு வேறொரு நிறம் பூசி, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தை எண்ணச் சொல்வார்கள். பிள்ளைகள் நிறம் பூசிய எல்லாவற்றையும் எண்ணி 58 என்பார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பட்டைகளின்மேல் பட்டை போடுவது பெருக்கல் என்று ஏன் அவர்கள் நம்ப வேண்டும்?

நான் கத்தரிக்கோல் கொடுப்பேன். முதலில் மூன்று நெடும்பட்டைகளை மட்டும் வெட்டி எடு. மீதியை ஓரமாக வை. கையில் இருப்பது 0.3. இப்போது அந்தத் துண்டில் 0.4 மடங்கு வேண்டும். அதாவது துண்டின் உயரத்தைப் பத்தாகப் பிரித்து நான்கை வெட்டு. கையில் மிஞ்சுவது மூன்றுக்கு நான்காக அமைந்த ஒரு சிறு துண்டு. பன்னிரண்டு கட்டங்கள். ஓரமாக வைத்த தாளோடு சேர்த்துப் பார்த்தால் நூறில் பன்னிரண்டு. துண்டு வெட்ட வெட்டச் சிறிதாகிக்கொண்டே போனதைக் கண்ணால் பார்த்த குழந்தை 1.2 என்று எழுதக் கை வராமல் நிற்கும்.

இதன் பிறகுதான் எண்ணும் விதி. விதி தவறில்லை, அது கடைசியில் வர வேண்டியது. அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் தசமக் கணக்கைப் பரப்பிய சைமன் ஸ்டெவின் 1585-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நில அளவையாளர்கள் போன்ற தொழில் செய்கிறவர்களுக்காக எழுதியது. அதில் அவர் புள்ளி வைக்கவில்லை. முழு எண்ணுக்கு அருகில் வட்டத்துக்குள் 0, அடுத்து வரும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் அருகில் வட்டத்துக்குள் 1, 2 என்று அதன் இடத்தை எழுதினார். பெருக்கும்போது கடைசி இலக்கங்களின் வட்ட எண்களைக் கூட்டினார். 32.57-ஐ 89.46-ஆல் பெருக்கினால் இரண்டும் இரண்டும் நான்கு. ஆகவே விடை 2913.7122, நான்கு தசம இலக்கம். பத்தில் ஒன்றில் பத்தில் ஒன்று எடுத்தால் நூறில் ஒன்று என்பதுதான் அந்தக் கூட்டலின் பொருள். அந்தப் பொருளை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இந்த விதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதில் விழாத வகுப்பை நான் பார்த்ததில்லை, ஆகவே சற்று நீட்டியே சொல்கிறேன். 2.5 × 0.4 கொடுத்துப் பாருங்கள். 25 × 4 = 100. கெட்டிக்காரக் குழந்தை கடைசியில் வரும் சுழிகளை விட்டுவிடலாம் என்று கற்றிருக்கிறது. அதனால் முதலில் இரண்டு சுழிகளையும் அடித்துவிடும். மிச்சம் 1. பிறகு விதிப்படி இரண்டு இலக்கம் எண்ணி 0.01 என்று எழுதும். விதியை நன்றாகப் படித்த பிள்ளைதான் இப்படி எழுதும் என்பதைக் கவனியுங்கள். சரியான வரிசை: முதலில் புள்ளி, பிறகு சுழி. 100-இல் இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 1.00, அதன்பின் சுழிகளை விட்டால் 1. இதேபோல 0.5 × 0.6 = 0.30, அதாவது 0.3. 1.25 × 0.8 = 1.000, அதாவது 1. ஐந்தில் முடியும் எண்ணும் இரட்டைப்படை எண்ணும் சந்திக்கும் இடங்களில் எல்லாம் இது வரும். பிள்ளை வீட்டில் கால்குலேட்டரில் 0.5 × 0.6 போட்டுப் பார்த்து, 'இரண்டு இலக்கம் வரும் என்றீர்கள், ஒன்றுதானே காட்டுகிறது?' என்று வந்து நிற்கும். அதைக் குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள். 0.30-உம் 0.3-உம் ஒரே அளவு, அந்தக் கருவி தேவையில்லாத சுழியைக் காட்டுவதில்லை என்று எழுதிக் காட்டுங்கள். பாடத்தின் மாதிரிக் கணக்குகளில் பெரும்பாலும் இந்த வகை இருக்காது, தேர்வில் மட்டும் வந்து நிற்கும். அதற்காகவே முதல் நாளிலேயே 2.5 × 0.4-ஐக் கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணும் முன் 'இரண்டரையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றை ஒட்டி வர வேண்டும்' என்று சொல்லிப் பழகிய குழந்தை 0.01-ஐப் பார்த்ததும் தானே அடித்துவிடும்.

முன்பக்கம் சுழி சேர்க்கும் கணக்கு, 0.2 × 0.3 = 0.06 போன்றவை, இவ்வளவு தொல்லை தராது. கத்தரித்த தாள் நினைவிருந்தால் போதும்.

இப்போது அந்தப் பயிற்சிப் புத்தகங்கள். அவற்றைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் முப்பது கணக்குகள் இருந்தால் முப்பதும் ஒரே வார்ப்பாக இருக்கும்: ஓர் இலக்கத் தசமத்தை ஓர் இலக்கத் தசமத்தால் பெருக்கு. மூன்றாவது கணக்கிலேயே 'எல்லாவற்றிலும் இரண்டு இலக்கம் விட்டுப் புள்ளி' என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மீதி இருபத்தேழும் வாய்ப்பாட்டுப் பயிற்சிதான். எல்லாம் சரி என்று மதிப்பெண் வரும், பெற்றோர் மகிழ்வார்கள், விற்றவர் அந்த மதிப்பெண்ணை அடுத்த பள்ளியில் காட்டுவார். வேகம் காட்டுகிறவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த கணக்குகளையே மேடையில் போடுகிறார்கள். உங்களிடம் வந்தவர் மறுபடி வந்தால், பிள்ளைகள் முன்னிலையில் 0.5 × 0.4 எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொன்னதும், விடை ஏன் அரையைவிடக் குறைந்தது என்று கேளுங்கள். 'அதெல்லாம் பெரிய வகுப்பில் வரும், இப்போது முறை மட்டும் போதும்' என்றால் அவரை வழியனுப்பிவிடுங்கள். 'ஏன்' என்பதைப் பெரிய வகுப்புக்குத் தள்ளிவைத்தவர்களால்தான் பெரிய வகுப்புக் குழந்தைகளுக்கும் இன்றுவரை அது தெரியவில்லை.

பாடத்திட்டம் எழுதுகிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. பின்னம் ஒரு பாடம், தசமம் வேறொரு பாடம், நடுவில் சில வாரம் வடிவியல். 0.3 என்பது பத்தில் மூன்று என்ற பின்னமேதான் என்பதை அந்த இடைவெளியில் பிள்ளை தொலைத்துவிடுகிறது. சோதிக்க வருகிறவரும் நோட்டில் கணக்கு எண் 1 முதல் 20 வரை முடிந்ததா என்றுதான் புரட்டுகிறார். நீங்கள் கத்தரிக்கோலோடு மூன்று நாள் செலவிட்டால் நோட்டு காலியாக இருக்கும். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: வெட்டிய துண்டை நோட்டிலேயே ஒட்டி, கீழே 0.3 × 0.4 = 0.12 என்று எழுத வையுங்கள். எழுத்து வேலையும் ஆயிற்று, அடுத்த மாதம் மறந்தால் திருப்பிப் பார்க்கவும் ஆயிற்று.

இரண்டு வாரத்தில் மறப்பதாகச் சொன்னீர்கள். அதற்குத் தினமும் ஐந்து நிமிடம் போதும். விடையின் இலக்கங்களை நீங்களே எழுதிக் கொடுத்து, புள்ளியை மட்டும் அவர்களை வைக்கச் சொல்லுங்கள். 4.8 × 2.1, விடையின் இலக்கங்கள் 1008. ஐந்தை இரண்டால் பெருக்கினால் பத்து, பத்தை ஒட்டி வர வேண்டும், ஆகவே 10.08. 6.2 × 0.9, இலக்கங்கள் 558. ஆறேகாலுக்கும் கீழே உள்ள எண்ணில் ஒரு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஆகவே 5.58. எண்ணிச் சொல்கிறவனையும் மதிப்பிட்டுச் சொல்கிறவனையும் விடையை வைத்துப் பிரிக்க முடியாது, 'எப்படித் தெரிந்தது?' என்று கேட்டால்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

அந்தச் சிறுமிக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு கொடுங்கள். எட்டை எதனால் பெருக்கினால் இரண்டாகும்? அவள் முதலில் நான்கு என்பாள், அது வகுத்தல். கால் என்று அவளே வந்து சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு அதைத் தசமத்தில் எழுதிப் பெருக்கிக் காட்டச் சொல்லுங்கள். 25 × 8 = 200, புள்ளி வைத்தால் 2.00. சுழியை எப்போது விடுவது என்பதை அவளே வகுப்புக்குச் சொல்லட்டும்.