மொட்டை மாடியில் 45, செய்தியில் 39: தெர்மாமீட்டர் பழுதா?

கேள்வி: ஆன்லைனில் 350 ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, மொட்டை மாடிச் சுவரில் மாட்டினேன். மதியம் 45 டிகிரி காட்டுகிறது. அதே நாள் செய்தியில் மீனம்பாக்கம் 39 என்கிறார்கள். ரிட்டர்ன் போட்டுவிட்டு விலை கூடியதாக வாங்கட்டுமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். விலை கூடியதை அதே சுவரில் மாட்டினாலும் கிட்டத்தட்ட அதே 45தான் வரும். வெயிலில் காய்கிற சுவரின் சூட்டையும் தன் பிளாஸ்டிக் உடம்பின் சூட்டையும்தான் மீட்டர் காட்டுகிறது. காற்றின் வெப்பநிலை அதுவல்ல. சென்னையின் இன்னொரு வானிலை நிலையமான நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-ல், அதுவும் அபூர்வமாக. உங்கள் சுவரில் அது தினசரி என்றால், கோளாறு மாட்டிய இடத்தில்தான்.

வானிலை நிலையத்தில் எப்போதும் நிழலில்தான் அளப்பார்கள். வெள்ளை பெயின்ட் அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்வான பலகைகள். காற்று புகுந்து போகும், வெயில் உள்ளே விழாது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் திறந்த வெளியில் நிற்கும். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த பெட்டி இது. தானியங்கி நிலையங்களில் இப்போது வெள்ளைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கிய சின்னக் கூடு. வேலை அதேதான்.

எந்த நிலையத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வெயில் நேராகக் காற்றைச் சுடுவது குறைவு. தரையைச் சுடுகிறது, தரை காற்றைச் சுடுகிறது. அதனால்தான் உச்சி வெயில் 12 மணிக்கு என்றாலும் உள்நாட்டு ஊர்களில் உச்ச வெப்பம் இரண்டு, மூன்று மணிக்கு வருகிறது. சென்னையில் கடல்காற்று நடுவில் புகுந்து கணக்கை மாற்றிவிடும். அது எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ, அவ்வளவு சீக்கிரம் சூடு ஏறுவது நிற்கும். கடலுக்குப் பக்கமான நுங்கம்பாக்கத்தை முதலில் தொட்டு, மீனம்பாக்கத்துக்குத் தாமதமாகப் போவதால், கோடையில் பல நாள் மீனம்பாக்கம் ஒரு டிகிரியாவது கூடுதலாகக் காட்டும். குரோம்பேட்டைக்கு மீனம்பாக்கக் கணக்குதான் பொருந்தும்.

வாங்குவதாக இருந்தால், ஒயர் நுனியில் சென்சார் உள்ளதை வாங்குங்கள். டிஸ்பிளே வீட்டுக்குள், சென்சார் வெளியே. பெட்டியில் 0.1 என்று போட்டிருப்பது எத்தனை நுணுக்கமாக எண் காட்டும் என்பது மட்டுமே. துல்லியம் எனத் தனியாக ±1 என்று இருக்கும், அதைப் பாருங்கள். அந்த வரியே இல்லாத பொருளைத் தொடாதீர்கள். சென்சார் நுனி தண்ணீர் தாங்குவதாக இருந்தால், தூளாக்கிய ஐஸ் நிறைந்த டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, நுனியை ஐந்து நிமிடம் வையுங்கள். 0-வை ஒட்டிக் காட்டினால் சரி. இரண்டு டிகிரி தள்ளிக் காட்டினால் அப்போது ரிட்டர்ன் போடலாம்.

நிழலாக இருக்கும் என்று வடக்குச் சுவரில் மாட்டச் சொல்லும் வெளிநாட்டு அறிவுரை நமக்கு ஒத்துவராது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். சுவரை விட்டு விலகி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். ஏசி வெளி யூனிட் பக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டரில் அறை வெப்பநிலை பார்க்கலாமா?

பதில்: முடியாது. அது எதிரே உள்ள பரப்பின் சூட்டைத்தான் படிக்கும். சுவரைக் காட்டினால் சுவரின் சூடு வரலாமே தவிர, காற்றின் சூடு வராது.

கேள்வி: ஏசியில் 24 வைத்தால் கட்டில் பக்கத்து தெர்மாமீட்டர் 26 காட்டுகிறது. மெக்கானிக் 'கேஸ் குறைவு' என்கிறார்.

பதில்: அந்த இரண்டு டிகிரியை மட்டும் வைத்து கேஸ் குறைவு என்று சொல்ல முடியாது. ஏசியின் சென்சார் மேலே, காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் இருக்கிறது. உங்கள் மீட்டர் கீழே இருக்கிறது. ஃபில்டரைக் கழுவி மாட்டி, ஏசியைக் குறைந்த எண்ணில் கால் மணி நேரம் முழுவீச்சில் ஓட விடுங்கள். பிறகு உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தனித்தனியே அளங்கள். வித்தியாசம் சுமார் 8 முதல் 12 டிகிரி இருந்தால் கேஸுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ரொம்பக் குறைவாக இருந்தால் கசிவு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் திரும்பவும் குறையும்.