ஜிபிஎஸ் இல்லாமல் சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரும் திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவும் மட்டும் வைத்து வண்டியின் இடத்தைக் கணிக்கிறேன். போகப் போக விலகுகிறது. சக்கர அளவை இன்னும் நுணுக்கமாக எடுக்க வேண்டுமா?

வேண்டாம், முதலில் திசையைப் பாருங்கள். நீங்களும் என்னைப் போல டேப்பும் கையுமாக டயரைச் சுற்றி வந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கூரைக்குக் கீழே ஓடும் சரக்கு வண்டி ஒன்றுக்கு இதைச் செய்தேன். நடை வேகத்தில் 400 மீட்டர் செவ்வகச் சுற்று. புறப்படும் இடத்தில் சாக்பீஸ் கோடு. சுற்றி வந்து முன்சக்கரத்தைச் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிறுத்தினால், திரையில் வண்டி 25 மீட்டர் தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மூன்று வாரம் டயர் காற்றையும் சுற்றளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. சுற்றளவு 1 சதவீதம் தப்பாக இருந்தால் செவ்வகம் சிறுக்கும் அல்லது பெருக்கும். ஆனாலும் புறப்பட்ட புள்ளியிலேயே வந்து முட்டும். முட்டவில்லை என்றால் கோணம்தான் கெட்டிருக்கிறது. நின்ற வண்டியில் ஜைரோவைப் பார்த்தேன். அசையாமலே வினாடிக்கு 0.05 டிகிரி திரும்புவதாகக் காட்டியது. 400 வினாடிக்கு 20 டிகிரி! காலையில் பூஜ்ஜியம் சரிபார்த்துத்தான் கிளம்பியிருந்தேன். சென்சார் சூடேற ஏற அந்தப் பூஜ்ஜியம் நகர்ந்துவிட்டது.

இப்போது மூலைக்கு மூலை நிறுத்தி, இரண்டு வினாடி ஜைரோவின் சராசரியை எடுத்துக் கழிக்கிறேன். அதே சுற்று 2 மீட்டருக்குள் வந்து சேர்கிறது. வலஞ்சுழியாக ஒரு தடவை, இடஞ்சுழியாக ஒரு தடவை ஓட்டுங்கள். இரண்டிலும் கோணப்பிழை ஒரே பக்கம் சாய்ந்தால் பூஜ்ஜிய நகர்வு. சுற்றும் பக்கத்தோடு பிழையும் பக்கம் மாறினால் ஜைரோவின் அளவீட்டு விகிதம் தப்பு, அதாவது திரும்பியதைக் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது.

விலை கூடிய ஜைரோ வாங்கினால் போதுமே என்று யாராவது வருவார்கள். வாங்கலாம், அதுவும் நகரும், மெதுவாக. வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி இருக்க சக்கரம் எதற்கு என்பவர்களுக்கு: அதில் வினாடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் பிழை இருந்தால், ஒரே நிமிடத்தில் இடம் 18 மீட்டர் விலகிவிடும். 1985-இல் வந்த ஈடாக் நேவிகேட்டர் என்ற கார் வழிகாட்டிக் கருவிகூட சக்கர சென்சாரையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பவில்லை. சாலை வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் பிழையைத் திருத்திக்கொண்டது.

எனக்கு இன்னும் ஆறாதது வேறு. அந்த மூன்று வாரத்தின் மூலப் பதிவுகளை, "பாதை வரைந்த படம்தான் இருக்கிறதே" என்று மேலிடத்தில் அழித்துவிட்டார்கள். அவை இருந்திருந்தால் வெப்பநிலையையும் ஜைரோவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒரே மதியத்தில் பிடித்திருப்பேன்.

சரி, வண்டியை நிறுத்தி வைத்து 10 நிமிட ஜைரோ பதிவு ஒன்று எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.