ஆகஸ்ட் கடைசியில் சயான் நாரோஸ்: வானம் தெளிவாக இருந்தால் போதுமா?

போதாது. நாரோஸ் என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயான் தேசியப் பூங்காவில், வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகும் குறுகலான பள்ளத்தாக்கு. பூங்கா வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் நல்ல வெயில் என்று போன் காட்டுவதை மட்டும் நம்பி நாரோஸுக்குள் இறங்காதீர்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம்.

நீலவானம் இருந்த அன்றும் பாதையை ஏன் மூடினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆற்றின் மேல்பகுதியில், உங்கள் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் மழை கொட்டியிருக்கும். வெறும் பாறை தண்ணீரை உறிஞ்சாது, அத்தனையும் அந்தக் குறுகலான இடுக்குக்குள்தான் வந்து சேரும், சில இடங்களில் ஏறி ஒதுங்க மேடுகூடக் கிடையாது.

1. கிளம்பும் காலையில் தேசிய வானிலைச் சேவை சயானுக்கென்று தரும் திடீர் வெள்ள மதிப்பீட்டைப் பாருங்கள். 'வாய்ப்பு உண்டு' என்றிருந்தாலே நான் போக மாட்டேன்.

2. வர்ஜின் ஆற்றின் ஓட்டத்தையும் பாருங்கள். வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகமே பாதையை மூடிவிடும்.

3. முதல் ஷட்டில் பேருந்தைப் பிடித்து, மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

ஆனால் மதிப்பீடு நன்றாக இருப்பது உத்தரவாதம் இல்லை. தண்ணீர் திடீரென்று கலங்கி, குச்சிகள் மிதந்து வந்தால் யோசிக்காமல் உயரத்துக்கு ஏறுங்கள். அப்புறம், ஆற்று நீரை வடிகட்டிக்கூடக் குடிக்க வேண்டாம், நச்சுப் பாசி இருக்கலாம்.