சங்கம் போட்ட ரேட், உங்கள் தலையில் அபராதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பெரம்பூர் வாசகர்: 20 லிட்டர் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறேன். "ஒன்றாம் தேதியிலிருந்து எல்லோரும் ஒரே ரேட். குறைத்து விற்றால் பிளான்ட்டில் லோடு கிடைக்காது. அடுத்தவர் தெருவில் கேன் இறக்கக் கூடாது" என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது. நான் பதில் போடவில்லை, ஆனால் அந்த விலைக்கே விற்கிறேன். அபராதம் என் மேலும் வருமா? எவ்வளவு?

வரும். போட்டிச் சட்டம் 2002-இன் 3(3) பிரிவு தடுப்பவற்றில் மூன்று அந்த ஒரே தகவலில் இருக்கின்றன: விலையைப் பேசி வைப்பது, சப்ளையை மடக்குவது, ஏரியா பிரிப்பது. இப்படி ஒப்பந்தம் இருந்தது என்று தெரிந்துவிட்டால், போட்டி கெட்டது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். கெடவில்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பதில் போடாதது உங்களைக் காப்பாற்றாது. தகவலைப் பார்த்தீர்கள், அதே தேதியில் அதே விலைக்கு மாறினீர்கள். டீசல் ஏறியதால் ஆளாளுக்கு விலை ஏற்றி, அது தற்செயலாக ஒன்றாக இருந்தால் குற்றமில்லை. போனில் அந்தத் தகவல் இருக்கும்போது அப்படிச் சொல்லி நிற்பது கடினம்.

தொகைக்கு வருவோம். கூட்டுச் சேர்ந்து விலை வைத்தால், கூட்டு நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு, அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை இந்தியப் போட்டி ஆணையம் விதிக்கலாம். வருட விற்பனை 60 லட்சம், லாபம் 6 லட்சம், கூட்டு இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபக் கணக்கில் 36 லட்சம், விற்பனைக் கணக்கில் 12 லட்சம். உங்கள் உச்சவரம்பு 36 லட்சம். லாபம் ஒன்றரை லட்சம்தான் என்றாலும் உச்சவரம்பு 12 லட்சத்துக்குக் கீழே இறங்காது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, 10 சதவீதம் என்பது கேன் வியாபாரத்துக்கு மட்டுமல்ல. அதே நிறுவனத்தின் பெயரில் மளிகைக் கடையும் நடத்தினால் அந்த விற்பனையும் சேரும். இது உச்சவரம்புதான். 2024 மார்ச்சில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, சம்பந்தப்பட்ட தொழிலின் மூன்று வருடச் சராசரி விற்றுமுதலில் 30 சதவீதம் வரை ஒரு தொகையில் தொடங்கி, உங்கள் பங்கு, ஒத்துழைப்பு ஆகியவற்றைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். சங்கத்துக்குத் தனி அபராதம். முடிவெடுத்த நிர்வாகிகளுக்கும், கூட்டு நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அவரவர் வருமானத்தில் 10 சதவீதம் வரை உண்டு.

இன்றே செய்ய வேண்டியது: அந்த அரட்டையை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். "இந்த ரேட்டுக்கு நான் கட்டுப்பட மாட்டேன்" என்று குழுவிலேயே எழுதிவிட்டு வெளியேறுங்கள். பிறகு பிளான்ட் விலை, டீசல், ஆள் கூலி, கேன் தேய்மானம் என்று தாளில் கணக்குப் போட்டு உங்கள் விலையை நீங்களே வையுங்கள். தாளில் தேதி இருக்கட்டும். எதையும் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் அதுவே தனி வழக்காகும்.

அம்பத்தூர் வாசகர்: எங்களுக்கு ஜாப் ஒர்க் தரும் பெரிய கம்பெனிக்காக, அரசுத் துறை டெண்டரில் இரண்டு முறை எங்கள் லெட்டர்ஹெட்டில் டம்மி கொட்டேஷன் கொடுத்தோம். ரேட்டை அவர்களே டைப் செய்தார்கள். பணம் வாங்கவில்லை. தப்பிக்க வழி உண்டா?

பணம் வாங்காதது விடுதலைக்குக் காரணமாகாது. இது டெண்டர் கூட்டு. இவை பிடிபடுவதும் சின்ன விஷயங்களில்தான்: மூன்று கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே ஐபி முகவரியிலிருந்து அப்லோட், ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் எடுத்த முன்பண டிடி.

வழி உண்டு, ஆனால் வரிசையில் முதலில் நிற்க வேண்டும். 46-ஆவது பிரிவின்படி, உண்மையை முழுமையாகவும் முக்கிய ஆதாரத்தோடும் முதலில் சொல்பவருக்கு 100 சதவீதம் வரை தள்ளுபடி. இரண்டாமவருக்கு 50 வரை, அதற்குப் பின் வருபவர்களுக்கு 30 வரை. முழு மனு தயாராகும் வரை காத்திருக்காதீர்கள். வழக்கறிஞர் மூலம் முதலில் வரிசை எண்ணைப் பிடித்துவிட்டு, ஆணையம் தரும் கெடுவுக்குள் ஆவணங்களைக் கொடுக்கலாம். விசாரணை அறிக்கை ஆணையத்துக்குப் போய்விட்டால் கதவு மூடிவிடும். மனு போட்ட பின் கூட்டில் தொடரக் கூடாது, எதையும் மறைக்கவும் கூடாது. பாதியை மறைத்தவர்கள் தள்ளுபடியை இழப்பார்கள். இந்தத் தள்ளுபடி ஆணையத்தின் அபராதத்துக்கு மட்டும்தான். டெண்டர் விட்ட துறை உங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதை இது தடுக்காது. அதற்கும் சேர்த்தே வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

ரயில்வேக்கு பிரேக் பிளாக் சப்ளை செய்த சிறு நிறுவனங்களை 2020-இல் ஆணையம் அபராதமில்லாமல், இனி செய்யாதே என்ற உத்தரவோடு விட்டது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. எல்லாச் சிறு நிறுவனமும் அப்படித் தப்பியதில்லை.

மயிலாப்பூர் வாசகர்: அமெரிக்காவில் மாநில அரசே அபராதம் கேட்டு வழக்குப் போடுவதாக என் மகன் சொல்கிறான். தமிழ்நாடு அரசு போட முடியாதா?

அங்கே 1890-இன் ஷெர்மன் சட்டம் நாடு முழுமைக்கும் உண்டு. அதோடு நியூயார்க்கின் டோனலி சட்டம், கலிபோர்னியாவின் கார்ட்ரைட் சட்டம் என்று மாநிலங்களுக்குத் தனிச் சட்டமும் உண்டு. மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குப் போடலாம். இங்கே மத்தியச் சட்டம் ஒன்றுதான். ஆனால் ஆணையத்தில் தகவல் தாக்கல் செய்ய மாநில அரசுக்கும் உரிமை உண்டு.

வேளச்சேரி வாசகர்: நான் புகார் கொடுத்தால் அபராதத்தில் எனக்குப் பங்கு வருமா? எவ்வளவு நாளாகும்?

அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். நஷ்டஈடு வேண்டுமென்றால், மீறல் உறுதியான பின் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனி மனு போட வேண்டும். ஆகவே கேன் பில்களையும் ஜிபே ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் புகார் போக வேண்டும். தனிநபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்கலாம்.

காலத்துக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததாக டயர் கம்பெனிகள் மீது ஆணையம் போட்ட உத்தரவு 2018 ஆகஸ்டில் தயாரானது. எம்ஆர்எஃப் சென்னை உயர் நீதிமன்றம் போனதால் அது மூடிய உறையிலேயே இருந்து, 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. மொத்த அபராதம் 1,788 கோடி, அதில் எம்ஆர்எஃப் பங்கு 622 கோடி. அதே டிசம்பரில் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்கு ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. இப்போது மேல்முறையீட்டுக்குப் போகிறவர் அபராதத்தில் 25 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடு செய்யக் கெடு 60 நாள்.