சோப்புத் தண்ணியில ஊறின ஓப்பினெல்: புது மடக்குக்கத்தி திறக்க வரலேன்னா என்ன பண்றது

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், கேள்வியைச் சுருக்கிப் போடறேன்.

"அண்ணா, போன மாசம் ஓப்பினெல் நம்பர் 8 வாங்கினேன், கார்பன் பிளேடு. வந்தப்பவே கொஞ்சம் டைட்டாத்தான் இருந்துச்சு. விக்டோரினாக்ஸ் (சுவிஸ் மடக்குக்கத்தி) வச்சிருக்க ஃப்ரெண்ட் ஒருத்தன், புதுக்கத்தின்னா அப்படித்தான் இருக்கும், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில போட்டு திறந்து திறந்து மூடு, லூஸ் ஆயிடும்னான். நான் நைட்டு முழுக்க ஊறவே வச்சிட்டேன். இப்ப சுத்தமா திறக்க வரல, நகம் பிஞ்சதுதான் மிச்சம். கட்டிங் பிளேயர் வச்சு இழுக்கலாமா, மரத்தை உப்புத்தாள் போட்டு தேய்க்கலாமா? அதுக்கு முன்னாடியே மாங்கா வெட்டினதுல பிளேடு கருப்பு கருப்பா ஆயிருந்துச்சு. இது டூப்ளிகேட்டா, திருப்பி அனுப்பிடவா?"

தம்பி, முதல்ல அந்த பிளேயரைக் கீழ வைங்க. கத்தி கெட்டுப்போகல, தண்ணி குடிச்சிருக்கு, அவ்வளவுதான். பிளேயர் வச்சு இழுத்தா பல்லு வழுக்கும், இறுகிக் கிடக்கிற பிளேடு விடும்போது ஒரே வேகத்துல விடும், நேரா உங்க உள்ளங்கைக்குத்தான் வரும். ஐப்பசி மழையில கொல்லிமலை போனப்ப எனக்கே இது நடந்திருக்கு, அவசரமா இழுத்து கட்டைவிரல்ல வாங்கின தழும்பு இன்னும் இருக்கு. அதனால கெஞ்சியே கேக்கறேன், பலத்தைக் காட்டாதீங்க.

உங்க ஃப்ரெண்ட் சொன்னது தப்பில்ல, அவர் கத்திக்கு அது சரியான வைத்தியம். விக்டோரினாக்ஸ்ல வெளிப்பக்கம் பிளாஸ்டிக், உள்ள பூரா உலோகம், பிளேடு துருப்பிடிக்காத ஸ்டீல். ஒவ்வொரு பிளேடுக்கும் முதுகுல ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கிட்டு இருக்கும், புதுசுல இறுக்கமா தெரியிறதுக்கு அந்த ஸ்பிரிங்கும் மூட்டுல தங்கியிருக்க நைசான பொடி அழுக்கும்தான் காரணம். வெதுவெதுப்பான தண்ணிக்குள்ளயே பத்து தடவை திறந்து மூடினா பொடி கழுவிக்கிட்டு போயிடும், துடைச்சு நல்லா காயவச்சு மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விட்டா முடிஞ்சது. தண்ணி பட்டா அங்க ஊதுறதுக்கு எதுவுமே கிடையாது.

ஓப்பினெல் வேற ஜாதி. அதுல ஸ்பிரிங்கே இல்ல. மொத்தமே 5 பாகம்தான்: பிளேடு, மரக்கைப்பிடி, பிளேடு சுத்துற ஆணியான ஒரு ரிவெட், மரத்தைச் சுத்தி ஒரு நிலையான வளையம், அதுக்கு மேல சுத்துற லாக் ரிங். ரிங்கை லாக் பண்ணாதப்போ பிளேடை அந்தந்த இடத்துல நிறுத்தி வைக்கிறது ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சிருக்க மரம் மட்டும்தான். மரம்னா மழைக்காலத்துல நம்ம வீட்டுக் கதவு என்ன பண்ணும்? நிலையில போய் பிடிச்சுக்கும், தோளால இடிச்சுத்தான் திறக்கணும். வெயில் வந்தா தானா விட்டுடும். இங்கயும் அதேதான் நடந்திருக்கு. அதுலயும் ஓப்பினெலுக்குப் போடற பீச் மரம் ஈரத்துக்கு ரொம்ப அசையிற மரம், பச்சை மரம் முழுசா காயறப்போ தேக்கு சுருங்கறதை விட சுமார் ரெண்டு மடங்கு சுருங்கும், அப்ப ஈரம் ஏறினா அதே கணக்குல ஊதும். பிளேடு உக்காந்திருக்க சந்தே ரெண்டு மில்லிமீட்டருக்குள்ளதான், அதுல ரெண்டு பக்கமும் துளி துளியா ஊதினாக்கூட போதும்.

அதனால புதுக்கத்தி டைட்டா இருந்தா மொதல்ல எதனால டைட்டுன்னு பாருங்க, அப்புறமா தண்ணியா எண்ணெயா உப்புத்தாளான்னு யோசிங்க. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன், ஏன்னா ஒரு கத்திக்கு மருந்து இன்னொரு கத்திக்கு விஷம். (இன்னொரு ரகமும் இருக்கு, ஒரு கையால திறக்கிற லைனர் லாக் கத்தி, அதாவது கைப்பிடிக்குள்ள ஒரு உலோகப் பட்டை வந்து பிளேடைத் தாங்கி நிறுத்துற ரகம். அதுல பெரும்பாலும் மூட்டு ஸ்க்ரூதான் விஷயம், எட்டுல ஒரு பங்கு திருகு லூஸ் பண்ணி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பிளேடு பக்கவாட்டுல ஆடாத இடத்துல நிறுத்திக்கணும்.)

சரி, இப்ப உங்க கத்திக்கு வருவோம். முதல்ல ரிங்கைப் பாருங்க, இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. அந்த சுத்துற ரிங் 1955ல வந்தப்ப திறந்த பிளேடு மடங்காம இருக்கத்தான் வந்துச்சு, 2000ல இருந்து மூடின நிலையிலயும் லாக் ஆகுற மாதிரி மாத்திட்டாங்க. ரிங்ல இருக்க இடைவெளி மரத்துல இருக்க பள்ளத்துக்கு நேரா வந்தாத்தான் பிளேடு வெளிய வரும், ரிங் குறுக்க நிக்கும்போது நீங்க எவ்வளவு இழுத்தாலும் வராது. ரிங் சுத்தவே மாட்டேங்குதுன்னா ரப்பர் கையுறை போட்டுட்டு திருப்புங்க, பிடி கிடைக்கும்.

ரிங் சரியா இருந்தும் வரலேன்னா காயவைக்கணும். துணியால நல்லா துடைச்சிட்டு ஃபேன் காத்துல மூணு நாலு நாள் வைங்க. செருப்பு டப்பாவுல வர்ற சிலிகா ஜெல் பொட்டலம் நாலஞ்சு இருந்தா ஒரு மூடின டப்பாவுல அதோட போட்டு வைங்க, இன்னும் சீக்கிரம் காயும். மொட்டை மாடி வெயில், ஹேர் டிரையரை ஒட்டிப் பிடிக்கிறது, ஓவன்ல வைக்கிறது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வெளிமரம் சட்டுனு சுருங்கும், உள்மரம் இன்னும் ஈரமா இருக்கும், அந்த இழுபறியில விரிசல் விட்டுடும், விரிஞ்ச கைப்பிடியை ஒண்ணும் பண்ண முடியாது.

ஆனா உங்களுது கார்பன் பிளேடு, உள்ள ஈரத்தோடவே மூடிக் கிடக்கு, அதனால நாலு நாள் முடியட்டும்னு சும்மா இருக்காதீங்க. தினமும் காலைல ஒரு தடவை மெதுவா முயற்சி பண்ணிப் பாருங்க. பிரான்ஸ்ல சவ்வா மலைநாட்டுலதான் 1890ல ஜோசஃப் ஓப்பினெல் இந்தக் கத்தியைப் பண்ண ஆரம்பிச்சாரு, அங்க மழையிலயும் பனியிலயும் வேலை பாக்குற ஆளுங்களுக்கும் மரம் ஊதுற இதே தொல்லை இருந்திருக்கு, கைப்பிடியைக் கெட்டியான இடத்துல ஒரு தட்டு தட்டி பிளேடை வெளிய வரவைக்கிற வித்தைக்கு சவ்வாக்காரன் தட்டுன்னே பேரு வச்சிருக்காங்க. நான் செய்யறது இப்படி: பள்ளம் தரையைப் பாக்குற மாதிரி கத்தியைத் திருப்பி, கைப்பிடியோட பின்பக்கத்தை ரெண்டு ஓரத்துல மட்டும் பிடிச்சுக்கிட்டு, விரல் எதுவும் பள்ளத்துக்குக் கீழ வராம பாத்துக்கிட்டு, ரிங் பக்கத்து முனையை மரமேஜை விளிம்புல டக்குனு தட்டுவேன். கைப்பிடி நின்னுடும், பிளேடு வந்த வேகத்துல கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும், அதுக்கப்புறம் சுலபம். அப்பவும் நகத்தை நம்பாதீங்க. சைக்கிள் டியூப் ஒரு துண்டு வெட்டி, பிளேடோட முதுகு வெளிய தெரியுதில்ல, அதை ரப்பரோட சேத்து ரெண்டு விரலால கிள்ளிப் பிடிச்சு இழுங்க. நகம் பிஞ்ச இடமும் ஆறட்டும்.

திறந்துடுச்சுன்னா மூடாதீங்க. திறந்தபடியே ரிங்கை லாக் பண்ணி, பிளேடு வாய்ல ஒரு அட்டையை மடிச்சு டேப் ஒட்டி, குழந்தைங்களுக்கு எட்டாத இடத்துல ஒரு வாரம் காயப்போடுங்க. ரிவெட்டு பக்கத்துல செந்நிறமா துரு வந்திருக்கும், பழைய டூத் பிரஷ்ல துளி எண்ணெய் தொட்டு தேய்ச்சா போயிடும்.

ஒரு வாரம் கழிச்சு மூடிப் பாருங்க. அனேகமா வாங்கினப்ப இருந்த அளவு டைட்டுக்கு வந்திருக்கும், அந்த டைட்டு குறையே கிடையாது. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவைன்னு ரெண்டு வாரம் திறந்து மூடினா மரம் பிளேடோட பழகிடும். டிவி பாத்துக்கிட்டே பண்ணாதீங்க, பிளேடைப் பாத்துக்கிட்டே பண்ணுங்க. வாய்ல டேப் ஒட்டியிருக்கட்டும், கையில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா துடைச்சிடுங்க, மூடும்போது நாலு விரலையும் பள்ளத்துல இருந்து எடுத்துட்டு உள்ளங்கையால முதுகை அழுத்தி மூடுங்க.

ரெண்டு வாரத்துக்கு அப்புறமும் கஷ்டமா இருந்தாத்தான் உப்புத்தாள். அதுவும் கண்ணை மூடிட்டு தேய்க்கக்கூடாது. நம்ம எழுதற பென்சில் இருக்கில்ல, அதை பிளேடோட அடிப்பகுதியில, அதாவது மரத்துக்குள்ள சுத்துற இடத்துல ரெண்டு பக்கமும் நல்லா கரியா தேய்ங்க, அஞ்சாறு தடவை திறந்து மூடுங்க, டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. மரத்துல எங்க கரி அதிகமா ஒட்டியிருக்கோ அங்கதான் இடிக்குது. அந்த இடத்தை மட்டும் 320 நம்பர் தாளை மடிச்சு உள்ள விட்டு பத்து இழுப்பு, பொடியைத் தட்டிட்டு பழையபடி பென்சில் பரிசோதனை. பல நேரம் தேய்க்கவே தேவைப்படாது, பென்சில் கரியே வழுக்கல் கொடுத்துடும். ஜாஸ்தி தேய்ச்சீங்கன்னா அக்னி நட்சத்திரத்துல மரம் சுருங்கும்போது பிளேடு லொட லொடன்னு ஆடும், ரிங்கை லாக் பண்ணாம மூடின கத்தியைத் தலைகீழா பிடிச்சா தானா திறந்துக்கும், பாக்கெட்ல அது ஆபத்து. கொஞ்சம் டைட்டாவே விடறதுதான் என் பழக்கம்.

மரத்துக்கு அடுத்த தடவை தண்ணி ஏறாம இருக்க மெழுகு போடுங்க. வெள்ளை மெழுகுவர்த்தியை பள்ளத்தோட உள்சுவர்ல தேய்ச்சு, ஹேர் டிரையரை ஒரு அடி தள்ளிப் பிடிச்சு இளஞ்சூட்டுல உருக விட்டா மரம் குடிச்சுக்கும். சில பேர் ஆளிவிதை எண்ணெய் போடறாங்க, அதுவும் நல்லதுதான், ஆனா அந்த எண்ணெய் துடைச்ச துணியை சுருட்டிப் போட்டுடாதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க. மூட்டுக்கும் பிளேடுக்கும் மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும், பழம் வெட்டற கத்திக்கு அதை விட நிம்மதியான எண்ணெய் எனக்குத் தெரிஞ்சு இல்ல. நல்லெண்ணெய் எல்லாம் நாளாக ஆக பிசுபிசுன்னு கோந்து மாதிரி ஆகி நீங்க விரட்ட நினைச்ச டைட்டையே திரும்பக் கொண்டுவரும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு பிசுக்காகாது, ஆனா 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிடும், ஊட்டிக்கு எடுத்துட்டுப் போனா தெரியும்.

மாங்கா விஷயம். தம்பி, பாட்டி வீட்டு அரிவாள்மனையை ஞாபகப்படுத்திப் பாருங்க, வாழைப்பூவும் மாங்காயும் அரிஞ்சு அரிஞ்சு எப்படி கருத்துப் போய் இருக்கும், ஆனா கீரையைத் தொட்டா சரக்குனு போகும். அதே ரசாயனம்தான் இது. மாங்காயில இருக்க புளிப்பும் துவர்ப்பும் இரும்போட சேந்து கருநீலமா ஒரு மெல்லிய படலம் உண்டாக்கும். ஸ்டெயின்லெஸ் பிளேடா இருந்தா இப்படிக் கருக்காது, அதனால கருக்குறதுதான் அது கார்பன் ஸ்டீல்னு சொல்ற அடையாளம், அதை வச்சு டூப்ளிகேட்னு சந்தேகப்பட வேண்டியதில்ல. விரல்ல தேய்ச்சுப் பாருங்க, சாம்பல், நீலம், கருப்பு, விரல்ல ஒட்டலேன்னா அது படலம், விட்டுடுங்க, போகப்போக துரு பிடிக்கிறதை அதுவே கொஞ்சம் தடுக்கும். செங்கல் நிறத்துல பொடியா விரல்ல வந்தா அது துரு, உடனே எடுக்கணும். படலம் படியிற வரைக்கும் பழத்துல லேசா இரும்பு வாசனை வரும், வெங்காயம், ஆப்பிள்னு நாலு நாள் வெட்டினா சரியாயிடும். திட்டுத்திட்டா இருக்கேன்னு ஸ்க்ரப்பர் போட்டு பளபளன்னு ஆக்காதீங்க, மறுபடி முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கும்.

வாய் தீட்டறதைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா அடுத்து அதுதான் வரும்னு தெரியும். தெருவுல வர்ற சாணைக்காரர் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் நல்லா பிடிச்சுக் கொடுப்பார், ஆனா இந்த பிளேடு ரொம்ப மெல்லிசு, வேகமா சுத்துற கல்லுல வைச்சா வாய் நீலம் பாரிச்சிடும். நீலம்னா சுமார் 300 டிகிரி சூடு ஏறி பதம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அந்த வாய் அதுக்கப்புறம் நிக்காது. 1000 நம்பர் தண்ணிக்கல்லுல ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வுல கையாலயே தீட்டிக்கங்க. தினசரி உபயோகத்துக்கு பழைய லெதர் பெல்ட்டோட உள்பக்கத்துல முதுகு முன்னால போற மாதிரி பத்து இழுப்பு இழுத்தாலே போதும்.

திருப்பி அனுப்புறது வேண்டாம். தண்ணியில ஊறப்போட்டது நாம, அதுக்கு வித்தவங்களைக் குத்தம் சொல்றது நியாயமில்ல, அதுவுமில்லாம கத்தியில குறையே இல்ல. இனி கழுவணும்னா பிளேடை மட்டும் ஈரத்துணியால துடைச்சு, உடனே உலர்ந்த துணியால துடைச்சு, அஞ்சு நிமிஷம் திறந்தே வச்சிட்டு மூடுங்க. மழை மாசத்துல எங்கயாவது கிளம்பினா சிலிகா ஜெல் பொட்டலத்தோட ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டுக்கங்க. ஃப்ளைட்னா கைப்பையில வேண்டாம், செக்-இன் பண்ற பெட்டிக்குள்ள போயிடணும். ஒரு வாரம் காயவச்சும் திறக்கலேன்னா ரிங் பக்கமும் பள்ளத்துப் பக்கமும் தெளிவா ரெண்டு போட்டோ அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.