ரெண்டும் சேரணும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கீழக்கரைக்காரன், சென்னையில வேலை. நாலு வருஷமா லைக்கா எம் 240 கேமரா வச்சிருக்கேன், கூட ஒரு 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸ். லீவுக்கு வரும்போதெல்லாம் கரையில கருவாடு காயப்போடுறவங்க, வலை பொத்துறவங்க முகங்களா எடுக்கிறேன். கொஞ்ச நாளா ஷார்ப்பா வரமாட்டேங்குது, கண்ணுல ஃபோகஸ் வச்சா காதுதான் தெளிவா விழுது. 60 மெகாபிக்சல் எம் 11க்கு மாறிடலாமா? பழசை வித்தாலும் லோன் போடணும். பேட்டரி, மெமரி, வீடியோ பத்தியும் சொல்லுங்க.

தம்பி,

பேட்டரி, மெமரியெல்லாம் விடுங்க. எம் 11ல அடித்தகட்டைக் கழட்டாம பேட்டரி மாத்தலாம், உள்ளேயே 64 ஜிபி இருக்கு, நல்லதுதான். வீடியோ அதுல கிடையாது, உங்க 240லதான் இருக்கு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

கோவம் எங்க வருதுன்னா, கண்ணுல வச்சா காதுல விழுதுன்னு நீங்களே எழுதிட்டு அடுத்த வரியில லோன்ங்கிறீங்க பாருங்க, அங்கதான். பதில் உங்க கடிதத்துலயே கிடக்கு, நீங்க அதைத் தாண்டிப் போயிட்டீங்க. சென்சாருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கும், அதாவது வியூஃபைண்டர்ல ரெண்டு பிம்பத்தை ஒண்ணா சேர்த்து ஃபோகஸ் வைக்கிற அமைப்பு. ஒரு மீட்டர் தூரத்துல, லென்ஸை முழுசாத் திறந்து எஃப் 1.4ல எடுத்தா, தெளிவா விழுற ஆழமே சுமார் 3 சென்டிமீட்டர்தான். லென்ஸோட பின்பக்கம் கேமராவுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன உருளையைத் தள்ளும், அது நகர்ற அளவுக்குத்தான் வியூஃபைண்டர் நடுவுல இருக்கிற ரெண்டாவது பிம்பம் நகரும், பைக்ல பையை மாட்டிக்கிட்டு குண்டுகுழி ரோட்டுல போனா அந்த அமைப்பு மயிரிழை விலகினாலே போதும், காது வந்துரும். அளவு சரியில்லாட்டி 60 மெகாபிக்சல் அந்தப் பிழையை இன்னும் துல்லியமா காட்டும், அவ்வளவுதான்.

இதைப் படிச்சதும் எனக்கு சித்தப்பா ஞாபகம் வந்துருச்சு. ஒரு வாரமா அவரைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் வள்ளத்துல தூண்டில் போடுவாரு, கலவாவும் வெளமீனும் கிடைக்கிற பார் ஒண்ணு இருக்கு, கடலுக்கடியில இருக்கிற பாறைத்திட்டு, தண்ணிக்கு மேல ஒரு அடையாளமும் கிடையாது. கரையில ஒரு பனை, அதுக்குப் பின்னாடி தூரத்துல ஒரு பள்ளிவாசல் மினார். பனை மினாரை மறைக்கிற கோட்டுலயே போகணும், போகும்போது இந்தப் பக்கம் தீவு முனையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற மரக்கூட்டமும் எப்ப ஒண்ணா சேருதோ, அந்த இடம்தான் பார். எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும், பசி, "சேர்ந்திருச்சு சித்தப்பா"ன்னு சொல்லிட்டேன், அவரும் என்னை நம்பி நங்கூரத்தை விட்டாரு. அடியில வெறும் மணல். மத்தியானம் வரைக்கும் நாலு பொடி மீனு. அவர் அடிக்கல, ஒரு வார்த்தை திட்டல, வள்ளத்தைத் திருப்பி மறுபடி முதல்லேர்ந்து கொண்டுவந்து "இப்ப பாரு, சேர்ந்துருச்சா?"ன்னு கேட்டாரு. மூணு தடவை கேட்டாரு. மூணாவது தடவைதான் நான் நிஜமாவே பார்த்தேன்.

பழசையே கட்டிட்டு அழுங்கன்னு நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க. அந்தப் பனை ஒரு புயல்ல விழுந்துச்சு, சித்தப்பா ரெண்டு நாள் சுத்தி சுத்திப் பார்த்துட்டு புதுசா வந்த செல்போன் டவரை அடையாளமா எடுத்துக்கிட்டாரு. அப்புறம் ஜிபிஎஸ்ஸும் வாங்கினாரு, சந்தோஷமாத்தான் வாங்கினாரு. ஆனா எது விழுந்துச்சுன்னு தெரிஞ்சு மாத்தினாரு.

உங்களுக்கு எது விழுந்துச்சுன்னு முதல்ல பாருங்க. லென்ஸ் பார்க்கிறதை அப்படியே பின்திரையில காட்டுற லைவ் வியூ, எம் வரிசைக்கே 240லதான் வந்துச்சு, கையிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்களே. ஸ்டாண்டுல நிறுத்தி, ரேஞ்ச்ஃபைண்டர்ல ஃபோகஸ் வச்சு, லைவ் வியூவுல பெருசாக்கி ஒத்துப்போகுதான்னு பாருங்க. தூரத்துல ஒத்துப்போகுதான்னு பார்க்க நம்ம கடலே இருக்கு, ஆனா கேமராவை வழக்கமாப் பிடிச்சு தொடுவானத்தைப் பார்க்காதீங்க, அது படுக்கைக்கோடு, பிம்பம் பக்கவாட்டுல விலகியிருந்தா காட்டாது. கேமராவைக் குத்தா திருப்பிப் பிடிங்க, லென்ஸை முடிவிலியில வைங்க, விலகல் இருந்தா கடல்கோடு ரெண்டாப் பிரிஞ்சு தெரியும். கலங்கரை விளக்கம் கண்ணுல பட்டா அதையும் பாருங்க, அதுக்குக் கேமராவை நேராவே பிடிக்கலாம்.

விலகியிருந்தா இந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுத்துச் சரிபண்ணுங்க, லென்ஸையும் கூடவே குடுங்க. அடுத்த லீவுல அதே கருவாட்டுக்கார அம்மாவை, அதே எஃப் 1.4ல, ஒரு மீட்டர்ல எடுத்து அனுப்புங்க. கண்ணு எப்படி வந்திருக்குன்னு நான் பார்க்கணும்.